மஞ்சள் பூசிய பதினொரு கோழிகள்

போன ஆடி மாதம், எங்கள் தெருக் கோயில் விழாக் குழு என் பதினொரு கோழிகளைக் கேட்டு வீட்டுக்கு வந்தது. வெட்டுவதற்குத்தான். அவர்கள் கேட்டதில் பிழை இல்லை. தருவதாக ஊருக்கே தெரியும்படி சொல்லிவைத்தவள் என் அம்மா.

இதை எழுதும்போதும் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எனக்கு எழுதிப் பார்த்தால்தான் எதுவும் பிடிபடும். அம்மா, சித்தப்பா, கோயில் தர்மகர்த்தா, கோழித் திருடர்கள், நான் சம்பளம் வாங்கும் கம்பெனி, நான். வரிசை மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது.

கோழிகள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா படித்தவள். கோழிப் பண்ணைகளுக்குப் பெரிய மின்விசிறிகள், தண்ணீர் ஓடும் குளிர்திரை, சூடு பார்க்கும் சென்சார், இவற்றையெல்லாம் தானே இயக்கும் பெட்டி என்று பொருத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கொட்டகைக்குள் சூடு ஏறினால் விசிறி ஓடும். இன்னும் ஏறினால் தண்ணீர் ஓடும். கோழி சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். இரண்டு வருஷம் அதை ஒரு நல்ல வேலை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒரு முட்டைப் பண்ணைக்குச் சென்சார் மாற்றப் போனேன். அன்றைக்கு அங்கே கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றரை வயதில் முட்டை குறையத் தொடங்கியதும் மொத்தக் கோழிகளையும் கறிக்கு அனுப்பிவிட்டுப் புதியவற்றை ஏற்றுவது வழக்கம். கூண்டின் கதவு சின்னது. காலைப் பிடித்து இழுத்தார்கள். இறக்கை கம்பியில் மாட்டியது. இன்னும் இழுத்தார்கள். ஒரு கையில் நான்கைந்து கோழிகள் தலைகீழாகத் தொங்க, லாரிக்குப் போய்க்கொண்டே இருந்தன. நான் புதிதாகப் பொருத்திய சென்சாரைப் பார்த்தேன். இருபத்தேழு டிகிரி காட்டியது. கொட்டகையில் எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது.

கூண்டுகளுக்குக் கீழே எச்சம் குவியும் பள்ளத்தில் தப்பி விழுந்த கோழிகள் சில கிடந்தன. லாரிக்காரர் அவற்றைத் தொடவில்லை. எச்சத்தில் ஊறியவை, எடை இல்லாதவை.

"அதுங்கள என்ன பண்ணுவீங்க?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"என்ன பண்றது, நாய் பார்த்துக்கும்" என்றார். "வேணும்னா எடுத்துக்கினு போம்மா. கொழம்புக்கு ஆவாது, ரப்பர் மாதிரி இருக்கும்."

பதினான்கு இருந்தன. சென்சார் பெட்டிகளை முன் சீட்டில் என் மடியில் வைத்துக்கொண்டு, கோழிகளை இரண்டு தக்காளி டிரேயில் போட்டுக் கம்பெனி வேனின் பின்னால் ஏற்றினேன். டிரைவர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே ஓட்டினார். என்னோடு பேசவில்லை.

எங்கள் நிலம் வாலாஜாபாத்துக்கும் திருமுக்கூடலுக்கும் நடுவில், பாலாற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அறுபது சென்ட், அதன் ஓரத்திலேயே வீடு. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம் நாங்கள். அரசாங்கம் பட்டா கொடுத்த பிறகுதான் சொந்த மண். மணல் கலந்தது, தண்ணீர் நிற்காது, காய்கறிக்கு நல்லது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையும் மாலையும் தோட்டம். அம்மா தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் பட்டுத் தறி வேலைக்குப் போவாள். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதுதான் அம்மாவின் வேலை. ஒரு இழை மாறினாலும் சேலையில் தெரிந்துவிடும் என்பாள்.

டிரேக்களை நான் இறக்கியதும் அப்பா குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, கோழி கொண்டாரேன்னுதானே போன்ல சொன்ன?"

"கோழிதாம்பா."

"இதா?"

அவர் கேட்டது நியாயம். இறகு பாதிதான் இருந்தது. நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டியிருந்தார்கள். நகங்கள் கம்பியில் நின்று நின்று நீண்டு வளைந்திருந்தன. மண்ணில் விட்டதும் அவை நகரவில்லை. பதினான்கும் ஒட்டிக்கொண்டு, இல்லாத கூண்டுக்குள் நின்றன. நான் ஒன்றைத் தூக்கி நான்கடி தள்ளி வைத்தேன். அது அங்கேயே நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. பண்ணை மேலாளருக்குப் போன் போட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? அடுத்த மாதம் அவருடைய இரண்டாவது கொட்டகைக்கு நான்தான் விசிறி பொருத்தப் போக வேண்டும்.

பெயர் வைக்கவில்லை, எண் வைத்தேன். அம்மா தறி வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டுப் பட்டு நூலை ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிறமாகக் கட்டி, நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தின்றது, எச்சம், முட்டை, இறகு. முதல் வாரத்திலேயே ஐந்தாம் எண் செத்தது. ஒன்பதாம் நாள் பன்னிரண்டாம் எண் கத்திரிப் பாத்தி ஓரத்தில் பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு துடித்தது. வலிப்பு என்று நினைத்து ஓடினேன். அம்மா சிரித்துவிட்டாள்.

"குளிக்குதுடி. மண்ணு வாரிப் போட்டுக்கினு குளிக்குது. கோழிக்கு ஏசி போடற, இது தெரியல?"

தெரியாது. இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பார்த்தவள், ஒரு கோழி மண்ணில் குளித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு தோட்டம் மாறியது. கொத்தவரைக்கும் வெண்டைக்கும் நடுவில் காலையில் திறந்துவிட்டால் புழு தேடிக் கிளறும். கீரை விதைத்த பாத்திக்கு மட்டும் வலை கட்டினேன். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பாத்தி வழுக்கை. நானும் தப்பு செய்தேன். கூண்டில் விழுந்த எச்சத்தை மக்க விடாமல் அப்படியே கத்திரிக்குப் போட்டு, இருபது செடிகளைக் கருக்கினேன். கம்பு, சோறு, கிளிஞ்சல் தூள் என்று வைத்ததில் மூன்றாம் மாதம் இறகு முளைத்தது. தோல் முட்டை நின்று ஓடு கெட்டியானது. தினமும் ஆறோ ஏழோ முட்டை. "ரப்பர்" என்று தள்ளிவிட்ட கோழிகள்.

அடுத்த வீட்டில் இருக்கும் சித்தப்பா, அப்பாவின் தம்பி, வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு தினமும் ஏதாவது சொல்வார்.

"ஆஸ்பத்திரி எப்டி போவுது டாக்டரம்மா? ஓபி எத்தன மணிக்கு?"

"பத்துலேர்ந்து சித்தப்பா. உங்களுக்குத் தனி வார்டு போட்டுக்கீறேன்."

"நீ பிரியாணி துன்றவதானே? பாய் கடையில லெக் பீஸுக்கு சண்ட போட்டவ."

"இப்ப துன்றதில்ல."

"எப்பத்திலிருந்து?"

"லாரிய பார்த்ததிலிருந்து."

"லாரிய பார்த்து எவனாவது கறிய வுடுவானா?" என்று சிரித்துக்கொண்டே போவார். அவர் விழாக் குழுவில் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதும் தெரியும்.

கோழிகள் உருண்டு திரண்டு வந்த நேரத்தில்தான் அப்பாவின் குதிகாலில் புண் வந்தது. அவருக்குச் சர்க்கரை. பிரேக்கை மிதிக்க முடியாமல் ஆட்டோவை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில், ஆறாவிட்டால் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். "கொஞ்சம்னா எவ்ளோ?" என்றாள். டாக்டர் சொல்லவில்லை என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மாத்திரை நேரம், கட்டு மாற்றும் நாள், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். தினமும் கட்டு மாற்றினேன். நிலத்தைச் சுற்றிவந்து பார்க்க ஆள் இல்லாமல் போனது.

இரண்டு கோழிகள் காணாமல் போயின. ஆற்றங்கரை முள்புதருக்குப் பக்கத்தில் பேப்பர் கப்புகளும் பாட்டில்களும் வெள்ளை இறகும் கிடந்தன. ஒரு காலில் மயில் கழுத்து நிற நூல் அப்படியே இருந்தது. நான் கோபத்தை வேலையில் காட்டுகிறவள். கூண்டுக்கு முன்னால் அசைவு கண்டால் அலறும் சைரன் வைத்தேன். அது நாய்க்கு அலறியது, வாழை இலைக்கு அலறியது, அப்பா எழுந்து பாத்ரூம் போனதற்கு அலறியது. திருடனுக்கு அலறியதா என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அம்மா ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் வெண்டை பறித்துவிட்டு வந்தபோது, மிச்சமிருந்த பதினொரு வெள்ளைக் கோழிகளும் மஞ்சளாக நின்றன. அம்மா குந்தி உட்கார்ந்து, கிண்ணத்தில் குழைத்த மஞ்சளைக் கடைசிக் கோழியின் முதுகில் தடவிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் மஞ்சள் பூசிய கோழி என்றால் கன்னியம்மனுக்கு நேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது யார் வேலிக்குள் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். குடித்தவன்கூடக் கை வைக்க மாட்டான். அன்றைக்கே தெருக்குழாயடியில் நாலு பேர் கேட்கும்படி அம்மா சொன்னாள்: "அம்மனுக்கு வுட்டுட்டேன்பா. இனிமே தொடறவன் பாடு, அவ பாடு."

அதற்குப் பிறகு ஒரு கோழிகூடப் போகவில்லை. நோட்டில் எழுதினேன்: திருட்டு இல்லை. மஞ்சள் மங்கும்போது அம்மா மறுபடி பூசினாள். நான் ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். சென்சார் தோற்றது, மஞ்சள் ஜெயித்தது என்று.

இங்கேதான் என் மேல் எனக்குக் கோபம். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். நேர்ந்துவிட்டதை ஆடியில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு கருவி வேலை செய்தால், எதனால் வேலை செய்கிறது, எதுவரை செய்யும் என்று கேட்பதற்குத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். வேலை செய்கிறதே என்று சும்மா இருந்தேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவும் தர்மகர்த்தாவும் வந்தார்கள். தர்மகர்த்தா வாலாஜாபாத்தில் பந்தல், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கோழிகளைப் பார்த்தார்.

"பதினொன்னுதானேம்மா?"

"பதினொன்னு" என்றாள் அம்மா.

"எது பதினொன்னு?" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "உன் பேஷன்ட்டுங்கதான். டிஸ்சார்ஜ் பண்ணப் போறோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், "ஐயா, அது திருடனுங்களுக்காகச் சொன்னது. நெஜமா நேர்ந்துக்கல" என்றேன்.

தர்மகர்த்தா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "அப்டியாம்மா? அம்மன் பேர சும்மாவா சொன்ன?"

அம்மா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"பொய்தான்னு வந்து சொல்லும்மா. ஒரு வார்த்த."

அம்மா கிளாஸ்களைக் கழுவினாள்.

"சொல்லேன்."

"பொய்யில்ல" என்றாள். "உங்கப்பா காலுக்கு வேண்டிக்கினேன்."

"எப்போ?"

"மஞ்ச பூசும்போதுதான். ஒரே மஞ்ச. திருடனுக்கும் ஆச்சு, அவளுக்கும் ஆச்சு."

அப்பாவின் புண் ஆறியிருந்தது. பங்குனி கடைசியில் ஆட்டோவை மறுபடி எடுத்துவிட்டார்.

"என் கோழிய வெச்சா வேண்டிக்கின?"

"என் கையில வேற என்னா இருந்துச்சு?"

"என்னக் கேட்டியா?"

"நீ குடுத்துருப்பியா?"

"கால் ஆறினது மாத்திரையில. நான் தெனம் கட்டு மாத்தினேன். அதோ செவுத்துல ஒட்டிக்கீது பாரு, ஒரு நாள் வுட்டேனா?"

அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கட்டு மாத்தின. நான் வேண்டிக்கினேன். எது ஆத்துச்சுன்னு உன் மிஷினு சொல்லுமா?"

சொல்லாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. முதல் வருஷப் பாடம் அது. என் பாடத்தை என்னிடமே சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. எச்சக் குழியிலிருந்து நான் எடுத்து வந்த உயிர்களை, என்னைக் கேட்காமல், என் அப்பாவின் காலுக்கு எதிர்த் தட்டில் ஏற்றிவிட்டாள். இனி நான் கோழி பக்கம் நின்றால் அப்பாவுக்கு எதிரே நிற்கிறேன் என்று ஆகும்.

வெளியே வந்து சொன்னேன். "கோழிய தர மாட்டேன் ஐயா."

"உங்கிட்ட கேக்கலம்மா" என்றார் தர்மகர்த்தா. "வேண்டிக்கினது உங்கம்மா."

"கோழி என்னுது."

அப்பா இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்லாததும் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக இருந்தது. தன் காலைப் பற்றிய பேச்சில் அவர் என்ன சொல்ல முடியும் என்று பிறகுதான் தோன்றியது.

சித்தப்பா எழுந்து ஒரு கோழியைப் பிடித்துத் தூக்கி, கையால் எடை பார்த்தார். நெஞ்சை அமுக்கிவிட்டுத் தர்மகர்த்தாவிடம் சொன்னார். "அண்ணா, இதுல இன்னா இருக்குது? முட்ட போட்டுப் போட்டு எலும்பா கீது. பதினொன்னையும் போட்டாலும் ஒரு பந்திக்கு ஆவாது. பேசாம இதுக்கு பதிலா மாத்து கேளு."

தர்மகர்த்தா யோசித்தார். "மாத்து வாங்கலாம். தப்பில்ல. மூணு நாட்டுச் சேவல், குறை இல்லாம. ஆனா யாருது கோழியோ அவங்க கையால புடிச்சிக் குடுக்கணும்."

"குடுக்கிறேன்" என்றேன்.

உடனே சொன்னேன். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. மூன்று போய்ப் பதினொன்று நிற்கும். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் எனக்கு உறைத்தது. பண்ணைக்காரரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார். எந்தக் கோழி இருந்தால் தேவலை, எந்தக் கோழி போனால் தேவலை.

அம்மா நிம்மதியாகிவிட்டாள். அன்று மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, எனக்குப் பிடித்தபடி முட்டையை உடைத்து ஊற்றினாள். நான் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

வாலாஜாபாத் சந்தையில் சேவல் வாங்கப் போனேன். கூடையைத் திறந்த பெண், "வளக்கவா, அறுக்கவா?" என்றாள்.

"கோயிலுக்கு."

"அப்ப இத எடுத்துக்கம்மா. கொண்டையப் பாரு, ராசா மாதிரி."

நான் பார்த்தேன். கண்ணில் நீர் வடிகிறதா, காலில் செதில் எழும்பியிருக்கிறதா, இறக்கையைத் தொங்கவிடுகிறதா, நெஞ்சில் சதை இருக்கிறதா. குறை இல்லாதது வேண்டும் என்றால் குறையைத் தேடித்தானே ஆக வேண்டும். நெஞ்சை அமுக்கியபோது சித்தப்பாவின் கை நினைவுக்கு வந்தது. என் கையும் அதே இடத்தில் அதே மாதிரி அமுக்கியது. ஒன்று செம்பு நிறம், ஒன்று வெள்ளைப் புள்ளி, ஒன்று கறுப்பு. மூன்றும் கொழுகொழுவென்று இருந்தன. நன்றாக வளர்த்திருந்தார்கள். அதற்காக அந்தப் பெண் மேல்கூடக் கோபம் வந்தது.

நான்கு நாள் அவை எங்கள் நிலத்தில் இருந்தன. அம்மா உள்ளங்கையில் கம்பு தானியத்தை வைத்துத் தின்னக் கொடுத்தாள். கறுப்புச் சேவல் முதல் நாளே வலைக்கு அடியில் புகுந்து கீரைப் பாத்தியைக் கிளறி, கிடைத்த புழுவைத் தான் தின்னாமல் கொக்கரித்துக் கோழிகளைக் கூப்பிட்டது. பண்ணையில் பிறந்த கோழிகள் சேவலையே பார்த்தது இல்லை. அப்படிக் கூப்பிட்டால் போக வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொன்னார்கள்? பதினொன்றும் ஓடின. நோட்டில் நான் அந்தச் சேவல்களுக்கு எண் போடவில்லை.

திருவிழா அன்று மத்தியானம் கோயில் முன்னால் கூட்டம். கூழ் ஊற்றி முடிந்திருந்தது. பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரம் பெரிய கோயில்களுக்கு வரும் பஸ்கள் எங்கள் கன்னியம்மன் பக்கம் திரும்பாது. அவள் எங்களுக்கு மட்டும். அவளுக்கு முன்னால் சேவலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். சேவல் உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் வெட்டு. மூன்று தரம் ஊற்றியும் சிலிர்க்காவிட்டால் விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் யாரும் மூன்று வரை பார்த்ததில்லை. ஈரம் பட்டால் எந்தப் பறவைதான் உதறாது.

செம்புச் சேவல் முதல் சொம்பிலேயே சிலிர்த்தது. என் கையிலிருந்து வாங்கினார்கள். வெள்ளைப் புள்ளி, இரண்டாவது சொம்பில். என் துப்பட்டாவில் தெறித்தது மஞ்சள் தண்ணீர் மட்டும் இல்லை. நான் பார்வையைத் திருப்பவில்லை. பண்ணையில் திருப்பினேன்; இங்கே திருப்பக் கூடாது என்று நினைத்தேன்.

கறுப்புச் சேவலின் தலையில் ஊற்றினார்கள். அது கண்ணை மூடித் திறந்தது. தண்ணீர் கொண்டையிலிருந்து சொட்டியது.

"கைய லேசா புடிம்மா" என்றார் தர்மகர்த்தா. லேசாகத்தான் பிடித்திருந்தேன்.

இரண்டாவது சொம்பு. சேவல் கழுத்தை நீட்டி, பந்தலில் எரிந்த லைட்டைப் பார்த்தது.

"காதுல ஊதுப்பா" என்றார் சித்தப்பா. யாரோ சிரித்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: "அந்தப் பொண்ணு மனசாரக் குடுக்கல. கோவத்தோட நின்னுக்கினு கீது. அதான்."

"ஆமா" என்றேன், திரும்பாமல். "மனசாரக் குடுக்கல."

பம்பைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது சொம்பைப் பூசாரி மெதுவாக, முழுதாக ஊற்றினார். சேவலின் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. அது சிலிர்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. பயத்தில் உறைந்திருக்கலாம். பறவைகள் அப்படி உறைவது உண்டு. பண்ணையில் நாங்கள் அதை அமைதி என்று எழுதிக்கொள்வோம்.

"மூணு ஆச்சுங்களா ஐயா?" என்று தர்மகர்த்தாவிடம் கேட்டேன்.

அவர் பூசாரியைப் பார்த்தார். "ஆச்சு."

"அப்ப இது போவலாம்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் அவர்களுடையது. தலையை ஆட்டினார். அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள்.

"இன்னொரு தரம் ஊத்துங்க சாமி" என்றாள் பூசாரியிடம். கை கூப்பியிருந்தாள். "இன்னும் ஒரே ஒரு தரம். அது சின்னது, அதுக்குத் தெரியல. ஊத்துங்க."

என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. டாக்டரிடம்கூடக் கெஞ்சவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் நான் சேவலைக் கொடுத்துவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் பார்க்கவில்லை. சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். வழிவிட்டார்கள். பாதித் தூரம் வந்த பிறகுதான் சேவல் ஒரு தரம் உடம்பை உதறியது. என் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். யாரும் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், வேலை விஷயம் மட்டும். கோழிகளுக்கு மஞ்சள் பூசுவதை நிறுத்திவிட்டாள். இப்போது அவை வெள்ளையாகத் திரிகின்றன. இன்னும் யாரும் திருடவில்லை.

தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன், அம்மா அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் குதிகாலை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறாள். "ஒன்னும் இல்ல, போ, பஸ்ஸு பூடும்" என்கிறார் அப்பா. அம்மனுக்குக் கொடுத்ததில் ஒன்று குறைந்துவிட்டது என்று அவள் வாயால் சொல்லவில்லை. தினமும் பார்க்கிறாள், அவ்வளவுதான். அவள் போன பிறகு நானும் பார்க்கிறேன். சர்க்கரைக் கால்களைத் தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் பனியில் அந்தக் குதிகாலில் ஒரு சின்ன வெடிப்பு வந்தது. பனிக்காலத்தில் எல்லாருக்கும் வருவதுதான். நான் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டினேன். தேதி எழுதிச் சுவரில் புதுத் தாள் ஒட்டினேன். சாயங்காலம் அம்மா பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை. நான் கட்டிய கட்டை அவிழ்த்து, வெடிப்பைப் பார்த்தாள், ரொம்ப நேரம். தோட்டத்தில் கறுப்புச் சேவல் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. அதே துணியை எடுத்து மறுபடி கட்டினாள். தினமும் ஆயிரம் இழை முறுக்குகிற விரல்கள். சுருக்கமே இல்லாமல் கட்டினாள்.

என் கட்டைவிட அது நன்றாக இருந்தது. எனக்கு அதற்கும் கோபம் வந்தது.